மெழுகு வியர்க்கிறதா, திரி கரிகிறதா? வாசனை எண்ணெய் செய்யும் கோளாறுகள்

"அக்கா, வாசமே வரல. இன்னும் ஒரு மூடி ஊத்தட்டுமா?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டில் மெழுகுவத்தி செய்து பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் பெண்களிடமிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இதுதான். வேண்டாம் என்று சொன்னால் "ஏன்?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த ஒரு மூடியால் வரும் கோளாறுகளையும், அதோடு சேர்ந்து வரும் மற்றவற்றையும் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மெழுகுவத்திக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீ இப்போதே பற்றிவிட்டது

மெழுகுப் பாத்திரத்தில் தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் கனம் கூடியது. சூடான மெழுகுக்குள் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகைக் கூரை வரை வீசியடிக்கும். தாளிக்கிற எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் எப்படி வெடிக்கிறது? அதையே ஒரு சட்டி முழுக்க நினைத்துப் பாருங்கள். அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தின் மேல் சரியான மூடியோ ஒரு தட்டோ போட்டு மூடுங்கள். மூடி இல்லையென்றால் ஆப்ப சோடாவை அள்ளிக் கொட்டலாம். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள். நன்றாக ஆறும் வரை மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். காற்றுப் பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். தீ பாத்திரத்தைத் தாண்டிவிட்டால் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 999 அடியுங்கள், பொம்பா (தீயணைப்புப் படை) வரட்டும்.

கையில் சூடான மெழுகு கொட்டினால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். தோலில் ஒட்டிக்கொண்ட மெழுகைப் பிய்க்காதீர்கள், தோலும் கூடவே வந்துவிடும். பற்பசை, கிச்சாப் எதுவும் பூச வேண்டாம்.

குழந்தை வாசனை எண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் திரும்பி மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் அதுதான் பெரிய ஆபத்து. 999 அழையுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, அங்கே கேட்டாலும், மருத்துவர் கேட்டாலும், முதல் கேள்வி "உள்ளே என்ன இருந்தது?" என்பதுதான். இதற்காகவே சொல்கிறேன், வாசனை எண்ணெயை மினரல் வாட்டர் போத்தலில் மாற்றி வைக்காதீர்கள்.

எண்ணெயைக் கலக்கும்போது 'புஸ்' என்று நீலத் தீ எழுந்தது

எனக்கே நடந்தது இது. மெழுகுச் சட்டி கேஸ் அடுப்பில் இருந்தது, சின்னத் தீயில். ஆரஞ்சு எண்ணெய் போத்தலைத் திறந்து ஊற்றினேன். சட்டிக்கு வெளியே, அடுப்புப் பக்கத்தில், ஒரு நீலச் சுவாலை ஓடி மறைந்தது. கை முடி கருகியதோடு போயிற்று.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஃபிளாஷ் பாயிண்ட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். தமிழில் தீப்பற்று நிலை என்று வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணெயிலிருந்து கிளம்பும் ஆவி, பக்கத்தில் தீயோ பொறியோ இருந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எந்த வெப்பத்தில் சேர்கிறதோ அதுதான் அந்த எண்ணெயின் தீப்பற்று நிலை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன். அது ஏறக்குறைய 48 டிகிரி செல்சியஸிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். யூகலிப்டஸும் அதே அளவுதான். கிராம்பு, சந்தனம் போன்ற கனமான எண்ணெய்கள் 100 டிகிரியைத் தாண்டிய பிறகுதான். மெழுகோ பெரும்பாலும் 200 டிகிரிக்கு மேல்.

இதை இரண்டு பக்கமும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு சாரார், "48 டிகிரி எண்ணெயை 80 டிகிரி மெழுகில் ஊற்றினால் தானாக வெடித்துவிடும்" என்று பயப்படுவார்கள். தானாகப் பற்றாது, பற்றவைக்க ஒரு தீ வேண்டும். இன்னொரு சாரார், "நான் பத்து வருஷமாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றும் பழக்கம் உள்ளவர்களாக இருப்பார்கள், அவ்வளவுதான். நம் வீடுகளில் அந்தத் தீ எங்கே இருக்கிறது? கேஸ் அடுப்பில், சட்டிக்கு ஒரு சாண் கீழே.

ஆகவே வழி இது. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். உருகியதும் கேஸை அணைத்துவிட்டு, மெழுகுப் பாத்திரத்தை வேறு மேசைக்குக் கொண்டுபோங்கள். சாமி விளக்கு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். அப்புறம்தான் எண்ணெய்ப் போத்தலைத் திறக்க வேண்டும். மின்சார ஹாட்பிளேட் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. வெப்பமானி இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். புகை வரும் வரை மெழுகைச் சூடாக்குவது கண்ணை மூடிக்கொண்டு லாரி ஓட்டுவது மாதிரி.

ஒவ்வோர் எண்ணெயின் தீப்பற்று நிலையும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளில் இருக்கும். எஸ்டிஎஸ் என்று கேட்டால் விற்பவருக்குத் தெரியும். தாளில் 16 பகுதிகள் உண்டு. 9-ஆம் பகுதியைப் பாருங்கள். மலேசியாவில் வேலையிடங்களுக்கு அபாய இரசாயனம் விற்பவர் இந்தத் தாளைத் தர வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் 'கிளாஸ்' (CLASS) என்ற இரசாயனப் பாதுகாப்பு விதிமுறை. நாம் வீட்டில் செய்கிறவர்கள் என்று சொல்லித் தட்டிக் கழித்தாலும் விடாமல் கேளுங்கள். "தாளெல்லாம் இல்ல, நல்ல சாமான், நம்பி வாங்குங்க" என்று சொல்பவரிடம் நான் வாங்குவதில்லை.

உருகும்போது படபடவென்று தெறிக்கிறது

மெழுகில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கீழ்ப் பாத்திரத்து ஆவி உள்ளே சொட்டியிருக்கலாம், கரண்டி ஈரமாக இருந்திருக்கலாம். இதைவிட அடிக்கடி நான் பார்ப்பது கேக்குக்குப் போடும் பாண்டான் எசென்ஸை ஊற்றுவது. அது தண்ணீர், கிளைக்கோல், சாராயம் இப்படி எதிலாவது கரைத்தது. மெழுகோடு ஒட்டவே ஒட்டாது. அடியில் தங்கி, திரி அங்கே வரும்போது வெடித்துத் தெறிக்கும். உடம்பில் அடிக்கும் சென்டை ஊற்றுவது அதைவிட மோசம். சென்டில் பெரும்பகுதி சாராயம். நம் ஊர் வெயிலில் அது போத்தலுக்குள்ளேயே தீப்பற்று நிலையைத் தாண்டி இருக்கும். இரண்டையும் மெழுகுப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

வாசமே வரவில்லை

சரி, அந்த ஒரு மூடிக்கு வருவோம்.

முதலில் உங்கள் மூக்கைச் சந்தேகப்படுங்கள். இரண்டு மணி நேரம் மல்லிகை எண்ணெயோடு உட்கார்ந்திருந்தவருக்கு மல்லிகை தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "வாசம் வருதா?" என்று கேளுங்கள். "தலை சுத்துது ஆன்ட்டி" என்று சொன்னால் அளவு ஏற்கெனவே கூடிவிட்டது.

இரண்டாவது, அவசரம். சோயா மெழுகில் வாசம் பிடிக்க ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள். இன்றைக்கு ஊற்றி நாளைக்குக் கொளுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த சட்டியில் எண்ணெயைக் கூட்டிவிடுகிறார்கள். தீபாவளிச் சந்தைக்கு முதல் நாள் இரவு ஊற்றுகிறவர்கள் எல்லாரும் இந்தக் குழியில் விழுகிறவர்கள்தான்.

மூன்றாவது, சூடு. நம்மைச் சுற்றிச் செம்பனை; ஆகவே செம்பனை மெழுகு நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. அதில் இறகு மாதிரி படிகக் கோலம் விழ வேண்டுமென்றால் 90 டிகிரிக்கு மேல் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். அந்தச் சூட்டில் ஆரஞ்சு, எலுமிச்சை, யூகலிப்டஸ் மாதிரி இலேசான எண்ணெய்கள் அச்சுக்குப் போகும் முன்பே காற்றில் போய்விடும். உங்கள் சமையலறை மணக்கும், மெழுகுவத்தி மணக்காது. செம்பனை மெழுகுக்கு இலேசான எண்ணெய் சரிவராது, கனமானதைத் தேர்ந்தெடுங்கள். சோயாவில் ஏறக்குறைய 80 டிகிரியில் எண்ணெயைச் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிண்டிவிட்டு, சூடு இறங்கிய பிறகு ஊற்றலாம்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் அளவைப் பற்றிப் பேச வேண்டும். மூடிக் கணக்கு, சொட்டுக் கணக்கு எல்லாம் வேண்டாம். தராசில் நிறுங்கள். 500 கிராம் மெழுகுக்கு 6 விழுக்காடு என்றால் 30 கிராம் எண்ணெய். 8 விழுக்காடு என்றால் 40 கிராம். பெரும்பாலான மெழுகு 6 முதல் 10 விழுக்காடு வரைதான் தாங்கும், செம்பனை மெழுகுக்கு இன்னும் குறைவு. மெழுகு விற்பவர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். நான் 6-இல் தொடங்கி, இரண்டு வாரம் கழித்துக் கொளுத்திப் பார்த்து, தேவைப்பட்டால்தான் அடுத்த சட்டியில் 1 கூட்டுவேன்.

இங்கே ஒரு தாள் பலரைக் குழப்புகிறது. இஃப்ரா என்ற உலக வாசனைப் பொருள் சங்கத்தின் விதிப்படி எண்ணெய்க்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதில் மெழுகுவத்தி 12-ஆம் வகையில் வரும். அந்த வரிசையில் பல எண்ணெய்களுக்கு "100 விழுக்காடு" அல்லது "கட்டுப்பாடு இல்லை" என்று போட்டிருக்கும். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "பாருங்கக்கா, எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாமாம்" என்றாள் ஒருத்தி. அந்தக் கணக்கு தோலுக்கும் உடம்புக்கும் போட்டது. மெழுகு எவ்வளவு பிடிக்கும், திரி எவ்வளவு எரிக்கும் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

மேலே எண்ணெய் வியர்த்து நிற்கிறது

மெழுகின் மேலே முத்து முத்தாக, சில நேரம் சின்னக் குட்டையாகவே எண்ணெய் நிற்கும். "பளபளப்பா அழகா இருக்கு" என்று விற்றவர்களும் உண்டு. தயவுசெய்து விற்காதீர்கள். கொளுத்தும்போது தீ திரியை விட்டு அந்த எண்ணெய்க் குட்டைக்குத் தாவலாம். அப்போது மெழுகின் மேல்முகம் முழுவதும் ஒரே சுடராக எரியும், கண்ணாடி வெடிக்கும்.

காரணங்கள் மூன்று. மெழுகு தாங்கும் அளவை மீறி எண்ணெய் ஊற்றியிருக்கலாம். மெழுகு ஆறிக் கெட்டியாகத் தொடங்கிய பிறகு எண்ணெயைச் சேர்த்து, அரைகுறையாகக் கிண்டியிருக்கலாம். அல்லது வைத்த இடம். தகரக் கூரைக்கு அடியில் ஸ்டோர் ரூம் மத்தியானத்தில் என்ன சூடு வாங்கும் என்று லயத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் இளகி, இரவு மழையில் இறுகி, மறுநாள் மறுபடி இளகி, மெழுகு எண்ணெயை வெளியே தள்ளிவிடும். காரில் பூட்டி வைத்தாலும் இதே கதைதான்.

முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, வீட்டில் குளிர்ந்த மூலையில் இரண்டு நாள் வையுங்கள். மறுபடி வியர்க்கவில்லையென்றால் குற்றம் இடத்துடையது. மறுபடி வியர்த்தால் எண்ணெய் அதிகம். திரியை எடுத்துவிட்டு, மறுபடி உருக்கி, வாசனை சேர்க்காத மெழுகைக் கலந்து அளவைக் குறையுங்கள். 500 கிராம் மெழுகில் 60 கிராம் ஊற்றியிருந்தால் அது 12 விழுக்காடு. இன்னும் 500 கிராம் வெறும் மெழுகு சேர்த்தால் 6 ஆகிவிடும். எவ்வளவு ஊற்றினோம் என்றே நினைவில்லையா? அந்தச் சட்டியை விற்பனைக்கு எடுக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இனிமேல் எழுதி வையுங்கள்.

திரித் தலையில் காளான், கண்ணாடியில் கரி

திரி நுனியில் கறுப்பாக ஒரு காளான் முளைக்கிறது, சுடர் ஆடுகிறது, போத்தல் வாய் கறுக்கிறது. எண்ணெய் கூடினால் முழுதாக எரியாமல் கரியாகும். திரி தடிமனாக இருந்தாலும் அப்படித்தான். முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள்: கொளுத்தும் முன் ஒவ்வொரு தடவையும் திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள், மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். அப்படியும் காளான் வந்தால் ஓர் அளவு சின்னத் திரி போட்டுப் பாருங்கள். அப்புறம் எண்ணெயைக் குறையுங்கள். வனிலா வாசனை திரியின் துளைகளை அடைக்கும். அதற்குத் தனியாகத் திரி சோதித்துத்தான் ஆக வேண்டும். வனிலா சேர்த்த மெழுகு பழுப்பாவது மட்டும் ஆபத்தில்லை, வனிலின் செய்யும் நிற வேலை அது.

இதற்கு எதிர்மாறாக, சுடர் சின்னதாகி மெழுகில் மூழ்கி அணைகிறதா? திரி சின்னது, அல்லது கனமான எண்ணெய் அதை அடைக்கிறது. எண்ணெயைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

சுடர் இரண்டு அங்குலத்தைத் தாண்டுகிறது, அல்லது தீ இரண்டு இடத்தில் எரிகிறது

உடனே மூடி போட்டு அணையுங்கள். ஊதாதீர்கள், சூடான மெழுகு முகத்தில் தெறிக்கும். ஆறிய பிறகு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். காய்ந்த ரோஜா இதழ், பட்டைத் துண்டு, மினுமினுப்புத் தூள் எதுவாவது இருக்கும். எண்ணெயில் ஊறிய காய்ந்த பூ என்பது இன்னொரு திரி. படம் எடுக்க அழகுதான். கொளுத்தும் சாமானில் வேண்டாம்.

தீபாவளிக்கு அகல் விளக்கில் வாசனை மெழுகு ஊற்றுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பூச்சில்லாத மண் அகல் மெழுகையும் எண்ணெயையும் உறிஞ்சும். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் ஈரமாகத் தெரியும். அப்புறம் விளிம்பே எரியும். உள்பக்கம் நன்றாக அடைத்த அகலாகப் பாருங்கள், இல்லையென்றால் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றி அகலுக்குள் வையுங்கள். மேசைத் துணி மேல் வைக்காமல் பீங்கான் தட்டின் மேல் வையுங்கள்.

ஜெல் மெழுகு கலங்கிப் போயிற்று

கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய ஜெல் பால் ஊற்றியது போல் ஆனால் அந்த எண்ணெய் ஜெல்லோடு சேரவில்லை என்று அர்த்தம். சேராத எண்ணெய் தனியாகத் தங்கித் தனியாகப் பற்றும். ஜெல்லுக்கு உரியது என்று சொல்லி விற்கும், தீப்பற்று நிலை 77 டிகிரிக்கு மேல் உள்ள எண்ணெய்தான் வேண்டும். ஒரு பங்கு எண்ணெயை மூன்று பங்கு மினரல் ஆயிலில் கலந்து பாருங்கள். கலங்கினாலோ பிரிந்தாலோ ஜெல்லுக்கு அது ஆகாது.

தலைவலி, இருமல், கண் எரிச்சல்

ஜன்னல் இல்லாத சாமி அறையில் சாம்பிராணி, சூடம், அதோடு வாசனை மெழுகுவத்தி என்றால் யாருக்கும் தலை வலிக்கும். கதவைத் திறங்கள், ஒன்றை மட்டும் கொளுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் வாசனையில்லாததே நல்லது. பூனை இருந்தால் டீ ட்ரீ போன்ற எண்ணெய்களைத் தள்ளி வையுங்கள். அதன் ஈரலுக்கு அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் குறைவு.

கொசுவுக்காக செராய் (எலுமிச்சைப் புல்) வாங்கி எண்ணெயை இரண்டு மடங்கு ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. புகையும் இருமலும்தான் இரண்டு மடங்காகும். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. சாயங்காலம் வீட்டு முன் அஞ்சடியில் கொளுத்தும் ஒரு மெழுகுவத்தி டிங்கியைத் தடுக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி விற்காதீர்கள்.

சூடத்தைப் பொடித்து மெழுகில் போடுவதும் வேண்டாம். 65 டிகிரி பக்கத்திலேயே அதன் ஆவி பற்றும்; தின்றால் குழந்தைக்கு வலிப்பு வரும். அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டையைச் சூடம் என்று நினைத்துப் போட்டவரும் உண்டு. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று இரத்தம் சோதிப்பார்கள், தெரியும்தானே? அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலீன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

விரல் இடுக்கில் அரிப்பு, தடிப்பு

முதல் மாதம் ஒன்றும் ஆகாது. மூன்றாம் மாதம் ஒருநாள் இலவங்கப்பட்டை எண்ணெய் தொட்டதும் கை சிவந்துவிடும். ஒவ்வாமை இப்படித்தான் சேர்ந்து சேர்ந்து வரும். வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. பட்டை, கிராம்பு, செராய் மூன்றும் இதில் கெட்டிக்காரர்கள். மெல்லிய ரப்பர் கையுறை வழியே எண்ணெய் ஊடுருவும். நைட்ரில் கையுறை போடுங்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தின்னர் வேண்டாம். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர், அப்புறம் கிளினிக்.

பிளாஸ்டிக் மங்கு இளகி ஒட்டுகிறது

லிமோனீன் மாதிரியான எண்ணெய்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். கரைந்த பிளாஸ்டிக் மெழுகில் கலந்திருக்கும்; அந்தச் சட்டியைத் தூக்கிப் போடுங்கள். அளப்பதற்குக் கண்ணாடி அல்லது எவர்சில்வர். சமையலுக்குப் புழங்கும் கிண்ணத்தை இதற்கு எடுத்தால் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது.

பழைய எண்ணெயின் வாசனை மாறிவிட்டது

ஆரஞ்சும் லாவெண்டரும் தின்னர் மாதிரி நாறினால் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது. லிமோனீனும், லாவெண்டரில் இருக்கும் லினலூலும் கெட்ட பிறகு தோலை இன்னும் அதிகமாகக் கடிக்கும். கறுப்புக் கண்ணாடிப் போத்தலில், கழுத்து வரை நிரப்பி, இறுக்கி மூடி, திறந்த தேதியை ஒட்டி வைத்தால் நிறைய நாள் தாங்கும். கெட்டதை விளக்கில் ஊற்றி எரிக்காதீர்கள், வீட்டுப் பின்னால் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகிறது. டின்னில் மணல் போட்டு, அதில் ஊறவைத்து, மூடி, குப்பைக்குப் போடுங்கள்.